முன் வலது

சூடான ரிம்மில் மருந்து அடிக்காதே,
ஆறட்டும் என்பார் வாஜா.
ஆறும் வரைக்கும்
ருஸ்தாவிச் சந்தையில் எங்கள் வரிசையில் நிற்கும்
வண்டிகளை எண்ணுவேன்.
நேற்று நாற்பத்தொன்று. இன்று முப்பத்தொன்பது.
போன இரண்டும் நின்ற இடத்தில்
எண்ணெய் வட்டங்கள்,
ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை.

இது சாம்பல் நிற வண்டி.
அமெரிக்காவில் எங்கோ இடித்து, ஏலம் போய்,
கப்பலேறிப் போத்தித் துறைமுகத்தில் இறங்கியது.
கதவு மாற்றி, பம்பர் மாற்றி,
முகமெல்லாம் புதுசு.
சக்கரத்துக்கு மட்டும் யாரும் பவுடர் பூசவில்லை.

பிரேக் தூசியைத் தெருப்புழுதி என்று நினைத்துத்
தண்ணீர் பீய்ச்சிப் பார்ப்பவர்கள் உண்டு.
புழுதி போய்விடும்.
இது இரும்பு. அரைபட்டு,
சூட்டோடு பறந்து சூட்டோடு ஒட்டிய இரும்பு.
ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் ஒரு சிட்டிகை.
குறுக்கே ஓடிய நாய்க்கு ஒரு சிட்டிகை.
நாய் பிழைத்திருக்கும்;
கணக்கு இங்கே கிடக்கிறது.

பின் இடதில் அடித்தேன்.
இரண்டு நிமிஷம்.
தெளிந்த நீர் ஊதாவாகி
ஆரக்கால்களில் வழிந்தது.
வேலைக்குச் சேர்ந்த நாளில் இதைப் பார்த்து
எங்கே வெட்டிக்கொண்டேன் என்று
கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
அழுகிய முட்டை நாற்றம்.
திபிலீசியின் கந்தகக் குளியலறையிலும் இதே நாற்றம்தான்.
அங்கே காசு கொடுத்து முகர்கிறார்கள்,
இங்கே முகர்வதற்கு எனக்குக் காசு.
மாக்வாலா என்றால்
முள்புதரில் பழுக்கும் கரும்பழம்.
சாயங்காலம் என் நகங்களைப் பார்த்தால்
பெயர் வைத்தவர்களுக்கு
முன்பே தெரிந்திருக்கிறது போல.

பின் வலதும் அப்படியே.
முன் இடதில் கொஞ்சம் கூடுதல்.
நிறுத்தும்போது வண்டி முன்னால் சாயும்,
முன் சக்கரங்கள் அதிகம் அழுக்காகும், இயல்புதான்.
நட்டுக் குழிக்குப் பழைய பல் பிரஷ்,
உள்வளையத்துக்கு நீளக் காம்பு.
காயவிடாமல் கழுவினேன்.

முன் வலது.
ஒரு தடவை அடித்தேன், ஊதா.
இரண்டாம் தடவையும் ஊதா.
மூன்றாவதில் இன்னும் கருத்த ஊதா.
நின்றபாடில்லை.
விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி இருந்தது.
மற்ற மூன்றும் நின்று நின்று ஓடியவை.
இது
ஓடும்போதும் நின்றுகொண்டிருந்த சக்கரம்.
பிடித்த பிடியை விடத் தெரியாமல்
உள்ளே ஒரு பிஸ்டன் துருவேறிக் கிடக்கிறது.

பதினொரு மணிக்கு எதேரி வருகிறாள்.
ஸ்தெபான்த்ஸ்மிந்தாவில் மருந்துக்கடை.
வாரம் ஒருமுறை சரக்கெடுக்க
ஜ்வாரிக் கணவாய் ஏறி இறங்கவேண்டியவள்,
பனியிலும்.
வாஜா கண்ணாடியைத் துடைத்தபடியே
"அதையும் வெள்ளியாக்கு" என்றார்.
இன்னும் ஒரு தடவை அடித்தால் போய்விடும்.
போய்விடும் என்பதுதான் சிக்கல்.

மூடியைத் திருகி
புட்டியை அலமாரியில் வைத்தேன்.

வந்தாள்.
கதவைத் திறந்து மூடிச் சத்தம் கேட்டாள்.
இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாள்.
சுற்றி வந்தவள் முன் வலதில் நின்றாள்.
"இது ஒன்றை மறந்துவிட்டாயா?"
வாஜா என்னைப் பார்த்தார்.
"போகமாட்டேன் என்கிறது" என்றேன்.
பொய்தான், ஆனால் சின்னது,
ஒரு சிட்டிகை.

ஆட்காட்டி விரலை ரிம்மில் வைத்து இழுத்தாள்.
மறுபக்கம் போய்
முன் இடதின் உள்வளையத்தில் நடுவிரலை இழுத்தாள்.
இரண்டு விரலையும் வெயிலில் சேர்த்துப் பிடித்தாள்.
மாத்திரை எண்ணிப் பழகிய கண்.
பிறகு வாஜாவிடம் கேட்டாள்:
"எத்தனை நாளாக விடமாட்டேன் என்கிறது?"

அன்றைய கூலியில்
ஒரு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டார்.
சக்கரம் கழுவாததற்கு என்றார்.
சரி என்றேன்.

சாம்பல் வண்டி இன்னும் வரிசையில்தான்.
நாளைக்கு எண்ணும்போதும்
முப்பத்தொன்பது.